கரிசல் காட்டு வீடும் ஐம்புலன்களும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில், கோடை மாதங்களில் மாலை ஏழு மணிக்கு மேல் பேருந்தில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. ஊர்தோறும் கான்கிரீட் வீடுகள் புதிது புதிதாக எழும்பியுள்ளன. ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஆனால் வீட்டார் ஒருவரும் வீட்டுக்குள் இல்லை. வாசலில் கயிற்றுக் கட்டில், தெருவில் பாய், மொட்டை மாடியில் தலையணை. உள்ளே மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே படுத்தவரைக் கேட்டால், "ஃபேன் அனலை அள்ளிக் கொட்டுது" என்பார். அடுத்த தெருவில் எஞ்சி நிற்கும் பழைய காரை வீட்டிலோ விசிறியின்றியே உறங்குகிறார்கள்.

இவ்விரு வீட்டு அறைகளிலும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். காற்றின் வெப்பநிலையில் நாம் எதிர்பார்க்கும் அளவு வேறுபாடு இராது. ஆயினும் உடல் ஓர் அறையை ஏற்கிறது; மற்றதை மறுக்கிறது. அப்படியானால் வெப்பமானி அளக்காத எதையோ நம் உடல் அளக்கிறது என்று பொருள்.

அந்த 'எதையோ' பற்றித்தான் இன்றைய கட்டடக் கலைஞர்கள் பலர் சிந்திக்கின்றனர். பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் யூகானி பல்லஸ்மா 1996-ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் எழுதினார். இக்காலக் கட்டடங்கள் கண் ஒன்றுக்காகவே கட்டப்படுகின்றன. தோல், காது, மூக்கு, பாதம் ஆகியவை மறக்கப்பட்டன என்பது அவருடைய குறை. புகைப்படத்தில் அழகாகத் தெரியும் வீடு, குடியிருக்க அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுமானப் பொருளையும் வண்ணத்தையும் ஐம்புலன்களையும் ஒன்றாக வைத்து எண்ண வேண்டும் என்னும் இக்கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. பேச்சு பெரும்பாலும் கலைமொழியில் இருக்கிறது. அதன் அடியில் இருப்பதோ பள்ளி இறுதி வகுப்பு இயற்பியல். நம் வறண்ட நிலத்து வீட்டையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு அதைக் காண்போம்.

உடல் அளக்கும் வெப்பம்

நம் தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி செல்சியஸ். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். இவ்வெப்பம் வெளியேறியாக வேண்டும். காற்றின் மூலம் ஒரு பகுதி வெளியேறுகிறது. வியர்வை ஆவியாகி ஒரு பகுதி போகிறது. மற்றொரு பெரும் பகுதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகச் சுற்றியுள்ள சுவர்களுக்கும் கூரைக்கும் செல்கிறது.

சுவரும் கூரையும் சும்மா இருப்பதில்லை. அவையும் நம்மை நோக்கிக் கதிர் வீசுகின்றன. இக்கதிர்வீச்சு, தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் ஸ்டெஃபான் விதியை மாணவர்கள் அறிவர். கூரையின் அடிப்பரப்பு 42 டிகிரி இருப்பதாகக் கொள்வோம். நம் பார்வை முழுவதையும் அக்கூரையே அடைத்து நிற்பதாகவும் கொள்வோம். அப்போது மல்லாந்து படுத்திருப்பவரின் உடலில், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 50 வாட் வீதம் வெப்பம் *வந்து சேரும்*. கொடுக்க வேண்டிய உடல் வாங்கிக்கொண்டிருக்கிறது! இதுவே கான்கிரீட் வீட்டின் இரவுப் புழுக்கத்துக்கு முதற் காரணம். நிழலில் தொங்கும் சாதாரண வெப்பமானி பெரிதும் காற்றையே அளப்பதால் இதை முழுதாகக் காட்டுவதில்லை. ஓர் அறையில் நாம் உணரும் வெப்பம், காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றுப்பரப்புகளின் வெப்பநிலைக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும் என்பது பொறியாளர் கையாளும் கணக்கு.

கூரைக்கு இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? நண்பகலில் தெளிந்த வானத்திலிருந்து தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. பூச்சில்லாத சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் சுமார் 70 விழுக்காட்டை உட்கவர்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 276 கிலோகிராம் எடை உடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் தளம் மாலையிலிருந்து விடியற்காலைக்குள் 15 டிகிரி குளிர்வதாக வைத்துக்கொண்டால், அது இழக்கும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோவாட் மின்னடுப்பைப் பதினோரு மணி நேரம் எரியவிட்டால் கிடைக்கும் வெப்பம். அதில் ஒரு பகுதி வானத்துக்குப் போகிறது. மீதி நம் தலைமேல் இறங்குகிறது.

சூடு ஒரு பொருளுக்குள் உடனே புகுந்துவிடுவதில்லை, ஊர்ந்து செல்கிறது. ஊர்ந்து செல்லும்போது தளர்ந்தும் போகிறது. பகலிரவு மாறிமாறி வரும் வெப்ப அலைக்கு எளிய கணக்கொன்று போட்டால், 12 செ.மீ. கான்கிரீட்டைக் கடக்க அதற்குச் சுமார் மூன்று மணி நேரம் போதும். கடந்த பின்னும் அதன் வீச்சில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எஞ்சியிருக்கும். ஒன்றரை அடி கனமுள்ள மண்சுவரைக் கடக்க ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். வீச்சு ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பகல் இரண்டு மணிச் சூடு கான்கிரீட் தளத்தின் அடியில் மாலை ஐந்து மணிக்கு ஏறத்தாழப் பாதி வலிமையோடு வந்து நிற்கிறது. மண்சுவரிலோ மறுநாள் விடியலில், ஊரே குளிர்ந்திருக்கும் வேளையில், வந்ததே தெரியாமல் வருகிறது.

இதைக் கொண்டு பழைய மண்வீட்டுக்கே திரும்புவோம் என்று நான் சொல்லப் போவதில்லை. முதலாவது, கரிசல் மண் சுவருக்கு உதவாது. அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. கோடையில் நம் புஞ்சையில் கால் நுழையும் அளவு வெடிப்புகள் ஓடுவதைக் காணாதவர் யார்? சுவருக்குச் செவல் மண்ணே ஏற்றது. இரண்டாவது, மண்வீட்டை ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டும். வாரந்தோறும் சாணமிட்டு மெழுக வேண்டும். அவ்வேலை யார் தலையில் விழுந்தது என்பதை மண்வீட்டைப் புகழ்வோர் பெரும்பாலும் கேட்பதில்லை. நம் பெண்கள் சிமெண்டுத் தரையை வரவேற்றதில் வியப்பில்லை.

வெள்ளை எத்தனை வெள்ளை?

வண்ணத்துக்கு வருவோம். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். காளவாசலில் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, கல்லின் எடையில் 44 விழுக்காடு குறைந்து, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் விட்டால் கொதித்து நீறுகிறது. சுவரில் பூசியபின், போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது. ஆகவே வெள்ளையடித்த சுவர் என்பது மெல்லிய கல்லுறை போர்த்திய சுவர். அருப்புக்கோட்டைக்கு அருகில் பந்தல்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுகிறது. ஆனால் அது இன்று காளவாசலுக்குப் போவதைவிடச் சிமெண்டு ஆலைக்குப் போவதே அதிகம். சிமெண்டுக்கு 1450 டிகிரிவரை சூடு வேண்டும்.

புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. கான்கிரீட் 700 வாட் விழுங்கும் இடத்தில் இது 200 வாட்தான் விழுங்கும். 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் 95.5 விழுக்காட்டை எதிரொளிக்கும் வெண்பூச்சு ஒன்றை உருவாக்கினர். அதில் அவர்கள் சேர்த்த வெண்பொருள் எது? கால்சியம் கார்பனேட், நம் சுண்ணாம்புச் சுவரின் அதே பொருள். துகள்களை வெவ்வேறு அளவுகளில் கலந்ததுதான் அவர்களுடைய திறமை. மறு ஆண்டு பேரியம் சல்பேட்டைக் கொண்டு 98.1 விழுக்காட்டை எட்டினர். வெட்டவெளியில் வைத்த அப்பரப்பு, வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்திருந்தது!

இது எப்படி முடியும் என்று ஐயுறுவோர் மொட்டை மாடியில் படுத்துறங்கும் நம் பழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். ஏறத்தாழ 8 முதல் 13 மைக்ரோமீட்டர்வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களுக்கு வளிமண்டலம் ஒரு திறந்த சன்னல். நம் உடலும் தளமும் வீசும் கதிர்களில் கணிசமான ஒரு பங்கு அந்த எல்லைக்குள்தான் அமைகிறது. காற்றில் ஈரம் குறைந்தால் சன்னல் இன்னும் அகலத் திறக்கும். கடற்கரை ஊர்களைவிட நம் வறண்ட பூமிக்கு இதில் வாய்ப்பு அதிகம். பகலின் கொடுமைக்குக் காரணமான அதே வறட்சி இரவில் நமக்கு உதவுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சூட்டைத் தடுக்கப் பளபளக்கும் தகரமே சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். தகரம் வெயிலை எதிரொளிப்பது உண்மை. ஆனால் தான் பெற்ற சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுவதில் அது கருமி. சுண்ணாம்பு 90 விழுக்காட்டுத் திறனோடு கதிர்வீசும். புதுத் துத்தநாகத் தகரம் அதில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டாது. எனவே பளபளப்பாக இருந்துகொண்டே தகரம் கையைச் சுடும். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது வேறு. கதிரியலில் 'வெள்ளை'யாக இருப்பது வேறு.

கண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று, வெள்ளையடிக்கும்போது நாம் கலக்கும் நீலம். சுண்ணாம்பின் இலேசான மஞ்சள் சாயலை நீலம் மறைக்கிறது. சுவர் 'பளிச்'சென்று தெரிகிறது. உண்மையில் நீலம் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கத்தான் செய்கிறது. கண்ணுக்கு வெண்மை கூடுகிறது. எதிரொளிப்பு சற்றுக் குறைகிறது. சுவருக்கு அடிப்பதானால் பரவாயில்லை. கூரைக்கு நீலம் வேண்டாம்.

மேலும், வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண் காணாத அண்மை அகச்சிவப்புப் பகுதியில் இருக்கிறது. அப்பாதியை ஒரு வண்ணம் என்ன செய்கிறது என்பதைக் கண் அறியாது. வேப்பிலையைப் பாருங்கள். கரும்பச்சை, வெந்து போக வேண்டும். ஆனால் இலைகள் அண்மை அகச்சிவப்பில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதியிலும் பெரும்பகுதியை ஊடுருவ விடுகின்றன. இதே உத்தியைக் கொண்ட பூச்சுகள் இப்போது கிடைக்கின்றன. கண்ணுக்குச் செங்கல் நிறம், அகச்சிவப்புக்கு வெள்ளை. வீட்டு முகப்புக்கு அடர்நிறம்தான் வேண்டும் என்பவர் இனி அதற்காக வேக வேண்டியதில்லை. விலைதான் சற்று வேகவைக்கும்.

கலைஞர்கள் செய்தது என்ன?

இவற்றையெல்லாம் கட்டடத்தில் செய்து காட்டியவர்களில் சிலர் நமக்கு அருகிலேயே இருந்தனர். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கொண்டா' விடுதி 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. அந்தோனின் ரேமண்ட் என்னும் செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. ஜார்ஜ் நாகஷிமா உடனிருந்து கட்டினார். முழுதும் கான்கிரீட்தான். ஆனால் தளத்தின்மேல் வளைந்த ஓடுகள் போன்ற வார்ப்புகளை இடைவெளிவிட்டு அடுக்கினர். வெயில் மேலோட்டைச் சுடும். இடைவெளியில் காற்று ஓடும். தளம் நிழலில் இருக்கும். சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய பலகைகள்; கண்ணாடி இல்லை. காலுக்குக் கடப்பைக் கல். கைக்கு மெருகிட்ட வெண்சுண்ணாம்புப் பூச்சு. கான்கிரீட் குற்றவாளியன்று, அதை வெறுந்தலையோடு வெயிலில் நிறுத்துவதே குற்றம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1945-இல் இந்தியா வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் பணியாற்றிய லாரி பேக்கர் (1917–2007) செங்கல்லைப் பூசாமலே விட்டார். பொருளின் நிறமே வண்ணம் என்பது அவர் கொள்கை. செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். சுமார் கால்பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தத் தயங்கும் என்பது கூடுதல் ஆதாயம். செங்கல்லால் ஆன சல்லடைச் சுவர்கள் வெளிச்சத்தைத் துண்டு துண்டாக்கி உள்ளே விட்டன, கண் கூசுவதில்லை. கூசும் வெளிச்சமும் ஒரு வகை வெப்பமே என்று நம்மூர் வெயிலில் நடந்தவர் ஒப்புவர்.

பாலகிருஷ்ண தோஷி (1927–2023) அகமதாபாதில் 1980-வாக்கில் தமக்கெனக் கட்டிய 'சங்காத்' அலுவலகத்தின் வளைகூரைகளில், உட்குழிவான சுட்ட மண் துண்டுகளை இடையே வைத்து, மேலே உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதித்தார். குப்பைக்குப் போக வேண்டிய சில்லு வெயிலைத் திருப்பியது. 2018-இல் கட்டடக்கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆரோவில்லில் அனுபமா குண்டூ 2000-ஆம் ஆண்டில் முடித்த வீட்டில், நம் ஊர்ச் சூளைகளில் வெந்த மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் வைத்துக் கட்டினார். வளைகூரைக்குக் குயவர்கள் வனைந்த உட்குழிவான மண்கூம்புகளைப் பயன்படுத்தினார். அதே ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம், மண்ணோடு சுமார் ஐந்து விழுக்காடு சிமெண்டு சேர்த்து அழுத்திய சுடாத கற்களைப் பரப்பி வருகிறது. செவல் மண்ணுக்கு இது பொருந்தும். களி மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே ஏற்ற மருந்து. களியின் பருக்கும் குணத்தைச் சுண்ணாம்பு அடக்குகிறது.

இவர்கள் வழி ஒன்றன்று. ஒருவர் கான்கிரீட்டை நாடினார். ஒருவர் அதைக் குறைத்தார். ஆனால் எல்லாரும் பொருளைத் தேர்ந்தபோது, அது எப்படித் தெரியும் என்பதோடு எப்படித் *தொடும்* என்றும் கேட்டனர்.

பாதம் சொல்லும் கணக்கு

'தொடும்' என்பதற்கும் எண் உண்டு. ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் உள்ள கருங்கல் தரையும் மரப்பலகையும் காலுக்கு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பொருளின் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணைத் 'தொடுதிறன்' என்று நம் வசதிக்காக அழைப்போம். தோலைவிடக் கருங்கல்லுக்கு இது சுமார் இரண்டு மடங்கு. மரத்துக்கு மூன்றில் ஒன்று. இரு பொருள்கள் தொடும்போது தொடுபரப்பின் வெப்பநிலை, தொடுதிறன் மிக்க பொருளின் பக்கமாகச் சாயும். பாதம் 34 டிகிரி, தரை 29 டிகிரி எனில், கருங்கல்லின்மேல் தொடுபரப்பு ஏறத்தாழ 31 டிகிரிக்கு இறங்கும்; மரத்தின்மேல் 33-க்கு அருகிலேயே நிற்கும். இரண்டு டிகிரிதான். ஆனால் மாசிக் கடைசியில் பள்ளியிலிருந்து வெறுங்காலோடு ஓடி வரும் பிள்ளைக்கு அந்த இரண்டு டிகிரி போதும்.

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் போன்ற கற்கோயில்களில் இந்த எண் இரு பக்கமும் வெட்டுவதைக் காணலாம். கூரையுள்ள மண்டபத்தில் கல் குளிர்விக்கிறது. வெயில் படும் வெளிப்பிரகாரத்தில் அதே கல் பாதத்தைப் பொசுக்குகிறது. ஆகவேதான் பல கோயில்களில் வெளிப்பிரகாரத்தில் வெள்ளைப் பூச்சுப் பட்டை அடிக்கின்றனர், அல்லது தென்னைநார் விரிப்புப் போடுகின்றனர். ஒன்று எதிரொளிப்பைக் கூட்டும் வழி. மற்றொன்று தொடுதிறனைக் குறைக்கும் வழி. இரண்டும் வெவ்வேறு இயற்பியல்.

காவிச் சிவப்புப் பூசி மெருகேற்றிய சிமெண்டுத் தரை, செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்கள் ஆகியவற்றை இக்காலக் கட்டடக் கலைஞர்கள் மீண்டும் தேடுவது வெறும் பழமைப் பற்றன்று. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து இறுகச் செய்கின்றனர். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. வழவழப்பான பரப்பில் பாதம் முழுதும் ஒட்டுகிறது. எனவே குளிர்ச்சியும் முழுதும் தெரிகிறது.

தறிக்குழியும் வகுப்பறையும்

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கூடும், உலர்ந்தால் அறும். வறண்ட ஊரில் நெசவு எப்படி வளர்ந்தது? குழித்தறியில் நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அமர்கிறார். பாவு தரையை ஒட்டி ஓடுகிறது. மண்தரையும் மண்சுவரும் இரவின் ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பகலில் மெல்ல விடுகின்றன. மண் இங்கே ஈரத்தின் வங்கி. சிமெண்டு பூசி, எண்ணெய்ப் பூச்சு அடித்த அறைக்கு அவ்வங்கி இல்லை. கட்டடக்கலை நூல்கள் 'மூச்சுவிடும் சுவர்' என்று பெருமையாகப் பேசுவதைத் தறிக்காரர் நூலறுந்த எண்ணிக்கையில் அறிந்திருந்தார்.

மூக்கைப் பற்றி ஒரு சொல். முதல் மழையில் எழும் மண்வாசனைக்கு 1964-இல் ஆஸ்திரேலிய அறிவியலார் இருவர் பெயர் சூட்டினர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் அதில் முக்கியமானது. நீர் தெளித்த மண்வாசலும் வெட்டிவேர்த் தட்டியும் 'குளிர்ச்சி' என்று மூக்கின் வழியே சொல்கின்றன. அது வெறும் மயக்கமன்று. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வறண்ட காற்றில் இவ்வேலை விரைந்து நடக்கும்.

காதை மட்டும் சுருக்கமாக விட எனக்கு மனமில்லை, ஆசிரியன் அல்லவா? எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். சுவர், தளம், தரை எல்லாம் சிமெண்டு. இவை தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் விழுங்கும். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை அறையைச் சீராக்கப் பணிக்கப்பட்ட சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி அடுக்கி இரவெல்லாம் ஆராய்ந்து ஒரு வாய்பாட்டைக் கண்டார். அறையின் பருமனை 0.16-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் வரும். நம் வெற்று வகுப்பறைக்கு இது நான்கு வினாடிக்கு மேல்! நாற்பது மாணவர் அமர்ந்தால் அவர்களுடைய உடலும் உடையும் ஒலியை விழுங்குவதால் ஒரு வினாடியாகக் குறையும். வகுப்பறைக்கு நல்லது 0.6 வினாடி அளவு. மீதி இரைச்சலில்தான் ஆசிரியரின் தொண்டை கிழிகிறது. கடைசி வரிசை மாணவனுக்குச் சொல்லின் முடிவெழுத்து காதில் விழுவதில்லை. பழைய ஓலைக் கொட்டகைப் பள்ளிகளுக்கு எத்தனையோ குறைகள் உண்டு. எதிர்முழக்கம் அவற்றில் ஒன்றன்று. இன்றைய அறையின் பின்சுவரில் தென்னைநார்ப் பலகை பதித்தால் பெரும்பகுதி தீரும். பள்ளிக் கட்டடத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கக் கூட்டம் கூடுகிறது. ஒலிக்காக ஒரு கூட்டமும் கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இருக்கும் வீட்டுக்கு என்ன செய்யலாம்?

தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கட்டி முடித்த வீட்டின் சுவரை இனிக் கனமாக்க முடியாது. கூரைமேல் கைவைக்கலாம்.

பழைய கொத்தனார்கள் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் விட்டு, நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய 'சுருக்கி'யைப் போட்டனர். அதன்மேல் தட்டோடு. இது மழைநீருக்காக மட்டும் என்று பலர் நினைக்கின்றனர். நுண்துளை மிகுந்த அந்த அடுக்கு கான்கிரீட்டைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்துகிறது. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்த அடுக்குதான் என்பது வருந்தத்தக்கது. அதன்மேல் வெள்ளைச் சில்லு பதிக்கலாம். பந்தலிட்டுக் கொடி ஏற்றலாம். வசதியில்லாதவர் பங்குனி பிறக்கும் முன் சுண்ணாம்பு அடித்தால்கூடப் போதும். புழுதி படிந்தால் எதிரொளிப்பு குறையும். நம் ஊர்க் காற்றில் புழுதிக்குக் குறைவில்லை ஆகையால் இடையில் ஒருமுறை கூட்டிக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் கரைந்து போவதால் அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டும்.

மாணவர்கள் இதை நம்பிவிட வேண்டாம்; சோதித்துப் பாருங்கள். நான்கு தட்டோடுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சுண்ணாம்பு, ஒன்றுக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு, ஒன்றுக்குக் காவி பூசுங்கள். நான்காவதன்மேல் புதுத் தகரத் துண்டொன்றை ஒட்டுங்கள். மொட்டை மாடியில் வைக்கோல்மேல் அடுக்கி, பகல் இரண்டு மணிக்கு ஒவ்வொன்றின்மீதும் ஒரே அளவு மெழுகுத் துண்டை வைத்து, எது முதலில் இளகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே ஓடுகளை மார்கழியில், வானம் தெளிந்த இரவொன்றில், மறுபடி வெளியே வையுங்கள். விடியுமுன் டார்ச் விளக்கோடு சென்று எதன்மீது பனி படிந்திருக்கிறது என்று பாருங்கள். தட்டோடு நீரை உறிஞ்சும் ஆதலால், ஓடுகளின்மேல் ஒரு மெல்லிய நெகிழித் தாளை ஒட்டிவிட்டு வைப்பது நல்லது. தகரத்துக்கு மட்டும் தாள் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது தகரமாக நடந்துகொள்ளாது. ஏன் என்பதற்கான விடை இக்கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.